ஃபெரிட்டின் நார்மல், எச்பி குறைவு, சுகர் கூடுதல்: உங்ககிட்ட வந்த கேஸ்களைச் சொல்லுங்க

பொதுமருத்துவர்_தஞ்சை
இன்னும் மனசை உறுத்துற ரிப்போர்ட் ஒண்ணு. 38 வயசு அம்மா, பிஎம்ஐ 33. ஹீமோகுளோபின் (எச்பி) 10.2, உடம்போட இரும்புச் சேமிப்பைக் காட்டுற ஃபெரிட்டின் 62, சர்க்கரையோட மூணு மாச சராசரி (எச்பிஏ1சி) 6.7. "ஃபெரிட்டின் நார்மல், இரும்பு மாத்திரை தேவையில்லை. சுகர் வந்துடுச்சு" என்று சொல்லி அனுப்பியிருக்காங்க. அந்த 62-க்குப் பக்கத்துல பச்சை டிக் வேற.

அழற்சி இருக்கான்னு காட்டுற சிஆர்பி பார்த்தா 14. அழற்சி இருக்கிற உடம்புல ஃபெரிட்டின் தானா ஏறும். உலக சுகாதார நிறுவனத்தோட 2020 வழிகாட்டுதல்ல ஆரோக்கியமான பெரியவங்களுக்கு 15-க்குக் கீழேதான் குறைபாடு. அழற்சி இருந்தா 70-க்குக் கீழேயே குறைபாடு. சீரம் அயர்ன் (ரத்தத்துல ஓடுற இரும்பு) 34, டிஐபிசி (ரத்தம் மொத்தமா சுமக்கக்கூடிய இரும்பு) 390. முன்னதைப் பின்னதால வகுத்தா வர்றதுதான் சாச்சுரேஷன், அது 9 சதவீதம்கூட வரலை. 20-க்குக் கீழே இறங்கினாலே சந்தேகப்படணும்.

அடுத்தது அந்த 6.7. இரும்பு பத்தலைன்னா புதுச் சிவப்பணு குறைஞ்சு பழசு நிறைய சுத்தும். பழைய அணுவுல சர்க்கரை கூடுதலா ஒட்டியிருக்கும், சராசரி பொய்யா ஏறும். 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்ததுல வெறும் வயிற்றில் 104, ரெண்டு மணி நேரம் கழிச்சு 148. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், அவ்வளவுதான். இரும்பு ஏறி எச்பி 12 தாண்டினதும் சராசரி 6.2-க்கு வந்துடுச்சு.

மதுரை_லேப்
எங்ககிட்ட வந்தது இதுக்கு நேர் எதிர். சாச்சுரேஷன் 71 சதவீதம். ஹீமோகுரோமட்டோசிஸ்னு, அதாவது உடம்புல இரும்பு மிஞ்சிச் சேர்ற பரம்பரை நோய்னு, வீடே பயந்து போச்சு. விசாரிச்சா மதியம் இரும்பு மாத்திரை போட்டுட்டு மூணு மணிக்கு ரத்தம் கொடுத்திருக்காங்க. முதல் நாளே மாத்திரையை நிறுத்தி, காலையில வெறும் வயிற்றில் எடுத்தப்ப 24. சாம்பிள் எடுத்த நேரத்தை ரிப்போர்ட்ல எழுதாத லேபோட சாச்சுரேஷனை நம்பி மருந்து எழுதாதீங்க.

ஈரல்பிரிவு_கோவை
தஞ்சை டாக்டர் சொன்னதுல பாதிக்குத்தான் உடன்படறேன். "ஃபெரிட்டின் ஏறினா அழற்சி" என்று எல்லாத்தையும் அதுல தள்ளிட முடியாது. அமெரிக்கச் செவிலியர் ஆய்வுல, 2004-ல வெளிவந்த முடிவுப்படி, ஃபெரிட்டின் கூடுதலா இருந்த பெண்களுக்குப் பின்னாடி சர்க்கரை நோய் அதிகமா வந்தது. எடையையும் அழற்சியையும் கணக்குல எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்னது. இரும்பு மிஞ்சினா செல்லைச் சேதப்படுத்துற ஆக்சிஜன் ரேடிக்கல் உண்டாகும். கணையத்துல இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்லுக்கு அதைத் தாங்குற சக்தி குறைவு. இரும்பு ஈரல்ல சேர்ந்தா, ஈரல் இன்சுலினுக்குக் கட்டுப்படாது.

அதுக்காக, "ரத்தம் கொடுத்தா சுகர் இறங்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்த ஒரு நோயாளி மாதிரி ஆகிடக் கூடாது. ஃபெரிட்டின் 620, சாச்சுரேஷன் 31, ஸ்கேன்ல ரெண்டாம் நிலைக் கொழுப்பு ஈரல். ஒரு தடவை 350 மி.லி. கொடுத்தா போறது சுமார் 150 மி.கி. இரும்பு. திரும்பத் திரும்பக் கொடுத்து, எச்பி 12.5-க்குக் கீழே போய், ரத்த வங்கியே திருப்பி அனுப்பிடுச்சு. சுகர் இருந்த இடத்துலயே. கொழுப்பு ஈரலுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வுலயும் கொழுப்போ இன்சுலின் எதிர்ப்போ குறையலை. சாச்சுரேஷன் 45-க்குக் கீழே, ஃபெரிட்டின் மட்டும் ஏறியிருந்தா முதல்ல எடை, மது, ஈரல் என்சைம் மூணையும் பாருங்க. எடையில 7 முதல் 10 சதவீதம் குறைஞ்சா ஈரல் கொழுப்பு கரையும், ஃபெரிட்டினும் கூடவே இறங்கும். 45-க்கு மேல போனா கதையே வேற. அப்ப மரபணுச் சோதனை வரைக்கும் யோசிக்கணும், அந்தப் பரம்பரை நோயை உண்டாக்குற சி282ஒய் மரபணு மாற்றம் நம்ம ஊர்ல அபூர்வம்னாலும்.

தலசீமியா_வார்டு
இரும்பு கணையத்தை என்ன பண்ணும்னு எங்க வார்டுக்கு வந்தா தெரியும். பதின்வயசுப் பையன், ஒல்லி, வீட்ல யாருக்கும் சர்க்கரை கிடையாது. தலசீமியாங்கிற பரம்பரை ரத்தசோகைக்காக வருஷக்கணக்கா ரத்தம் ஏத்தி, இரும்பு இறக்குற மாத்திரையை விட்டுவிட்டுப் போட்டதுல இன்சுலினுக்கு வந்துட்டான். இவங்களுக்கு மூணு மாச சராசரியே பார்க்காதீங்க, அதுல பாதி ரத்தம் கொடுத்தவரோடது.

டயட்டீஷியன்_திருச்சி
ஈரல் பிரிவு சார், இதைப் படிச்சுட்டு முருங்கைக்கீரையை நிறுத்துறவங்க இருக்காங்க. உண்மையிலேயே ஒருத்தங்க நிறுத்திட்டு வந்தாங்க, எச்பி 8.9-ல. சர்க்கரை நோயோட தொடர்பு தெரியறது ஆட்டு, மாட்டு இறைச்சியில இருக்கிற ஹீம் இரும்புல. கீரை, பயறுல இருக்கிற இரும்புக்கு அப்படித் தொடர்பு தெரியலை. 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுப் பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, 40 சதவீதம் பேருக்கு எடை கூடுதல். ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்கிறதுதான் நம்ம ஓபியில தினமும் பார்க்கிறது.

யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். குண்டா இருக்கிறவங்களுக்கு மாத்திரை ஏன் வேலை செய்யலைன்னா, கொழுப்புத் திசுவோட அழற்சியால ஈரல் ஹெப்சிடின்ங்கிற ஹார்மோனைக் கூடுதலா விடும். அது குடல்லயே இரும்பு நுழையிற வாசலைச் சாத்திடும். அரசு ஆஸ்பத்திரி மாத்திரையில 60 மி.கி. இரும்பு இருக்கு. அந்த ஒரு டோஸே ஹெப்சிடினை ஒரு நாள் ஏத்தி வைக்கும், அதனால ஒரே நாள்ல ரெண்டு மூணு மாத்திரைன்னு கூட்டினா வயித்து வலியும் மலச்சிக்கலும்தான் மிச்சம். லேசான சோகைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில, எலுமிச்சைச் சாறோட. காபி, டீ ஒரு மணி நேரம் தள்ளி, கால்சியம் மாத்திரை ரெண்டு மணி நேரம் தள்ளி. கர்ப்பிணிகளுக்கு இந்த முறையை நீங்களா மாத்தாதீங்க, அவங்களுக்கு டாக்டர் எழுதினபடி தினமும்தான். எடை குறைக்க பைபாஸ் சர்ஜரி பண்ணினவங்களுக்கு இரும்பு உறிஞ்சுற முன்குடலையே உணவு தாண்டிப் போயிடும். அவங்களுக்குத் தினம் 45–60 மி.கி., அதுக்கும் ஏறலைன்னா ஊசி வழியாத்தான். மெட்ஃபார்மின்ல ரொம்ப நாளா இருந்தா பி12-யும் சேர்த்துப் பாருங்க, ரெண்டு குறைபாடும் சேர்ந்தா சிவப்பணுவோட அளவு நார்மலாவே காட்டி ஏமாத்தும்.

பொதுமருத்துவர்_தஞ்சை
ஈரல் பிரிவு சார், உங்க 620-க்கும் என்னோட 62-க்கும் தேவை அதே நாலு டெஸ்ட்தான்: ஃபெரிட்டின், சிஆர்பி, சீரம் அயர்ன், டிஐபிசி. நாலையும் ஒரே சாம்பிள்ல கேளுங்க. காய்ச்சல், சளி இருந்தா ரெண்டு வாரம் போகட்டும். தொடர்பு இருக்குங்கிறதை நான் மறுக்கலை. அந்த அம்மாவுக்கு இரும்பைத் தடுத்தது மட்டும் தப்பு.