டல்லடேகா, டேடோனா: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பர்மிங்ஹாம்வாசி

2024 அக்டோபர், அலபாமாவில் இருக்கிற டல்லடேகா ஓடுபாதை. நாஸ்கார் என்கிற அமெரிக்கக் கார் பந்தயம். 28 கார்கள் மோதிக்கொண்டதே, அந்தப் பந்தயம். வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதனால் முன்கதை வேண்டாம்.

என் இருக்கை முடிவுக்கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி. மோதல் நடந்தது எதிர்ப்பக்க நேர்பாதையில். ஒரு சுற்று 2.66 மைல் என்பதால் அந்தப் பக்கம் போகிற கார் யாருடையது என்று பிரித்துப் பார்க்க முடியாது. நிறங்கள் ஓடுவது மட்டும்தான் தெரியும். வாடகைக்கு ஒரு ஸ்கேனர் எடுத்து, ஓர் ஓட்டுநருக்கும் கூரைமேல் நின்று சுற்றிலும் யார் வருகிறார்கள் என்று சொல்லும் அவருடைய ஸ்பாட்டருக்கும் நடக்கிற பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "உள்ளே ஒருத்தன், இன்னும் உள்ளே, வெளியேயும் வந்துட்டான், நடுவுல நீ" என்று மூச்சு விடாமல் ஒரே சுருதியில் போய்க்கொண்டிருந்தது. ஐந்து சுற்று மிச்சம் இருக்கும்போது சுருதி உடைந்தது. "பிரேக்! பிரேக்! பிரேக்!" அதற்கப்புறம்தான் எனக்குப் புகையே தெரிந்தது.

ஓட்டுநர் லொகானோ தன் காரால் முன்னால் போன கெஸலாவ்ஸ்கியைத் தள்ள, அவர் முன்னால் போன சிண்ட்ரிக்கைத் தள்ள, சிண்ட்ரிக்கின் கார் திரும்பிவிட்டது. பின்னால் வந்த கூட்டத்துக்கு ஒதுங்க இடமே இல்லை. என்னைச் சுற்றி இருந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். என் காதுக்குள் குழுவிலிருந்து ஒருவர் "நல்லா இருக்கியா?" என்று கேட்கிறார், பதில் வரவில்லை. திரும்பக் கேட்கிறார். வெளியே விசில். சில வினாடிகள் கழித்து "இருக்கேன்" என்று வந்தது.

பந்தயத்தை நிறுத்திய சிவப்புக் கொடி, டயர் போன கார்களை இழுத்துவந்து டயர் மாற்றி பெட்ரோல் ஊற்றும் பிட்டில் விட்டது, அதைப் பற்றிய சண்டை, கடைசியில் ஸ்டென்ஹவுஸ் 0.006 நொடியில் ஜெயித்தது எல்லாம் தெரிந்த கதை. எனக்கு உறுத்துவது அந்த விசில்தான். நாம் எதற்குக் காசு கொடுத்துப் போகிறோம்?

நாலாம் திருப்பம்

நான் ஜாக்சன்வில்லில் இருக்கிறேன். 2020-இல் புளோரிடாவின் டேடோனா ஓடுபாதையில் நடந்த டேடோனா 500. மழையால் ஞாயிறு நடக்க வேண்டியது திங்களுக்குத் தள்ளிப்போன பந்தயம். ஓட்டுநர் நியூமனின் விபத்து என்றால் எல்லோருக்கும் தெரியும்.

கடைசிச் சுற்றில் முன்னால் போன நியூமனின் கார், பிளேனி பின்னாலிருந்து தள்ளியதில் சுவரில் மோதிப் புரண்டு, அப்படியே கதவுப் பக்கமாக இன்னொரு காரிடம் அடி வாங்கி, தலைகீழாகத் தீப்பொறி பறக்க முடிவுக்கோட்டைத் தாண்டிச் சறுக்கியது. அந்த நேரத்தில் நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் ஜெயிப்பது ஹாம்லினா பிளேனியா என்பதில். 0.014 நொடியில் ஹாம்லின். ஹாம்லின் டயரைச் சுழற்றிப் புகை விட்டுக் கொண்டாடினார்; அவருக்கும் தெரியாது. என் பின்வரிசையில் ஒருவர் பந்தயம் கட்டியிருந்தார் போல, போனைத் தூக்கிக் காட்டி ஆடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் கறுப்புத் திரையைக் கொண்டுவந்தார்கள். காரைச் சுற்றிப் பிடித்து நின்றார்கள். அந்தத் திரை வந்த பிறகு பின்வரிசைக்காரர் உட்கார்ந்துவிட்டார். மனைவி கிளம்பலாம் என்றாள். கால் வரவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துத்தான் உயிருக்கு ஆபத்தில்லை என்று அறிவித்தார்கள். புதன்கிழமை நியூமன் தன் இரண்டு மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியே வந்த படத்தைப் பார்த்துத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

அதற்கப்புறம் மார்ட்டின்ஸ்வில் போன்ற சின்னப் பாதைகளுக்குத்தான் போகிறேன். அங்கே மோதினாலும் கதவு நசுங்கும், கார் பறக்காது.

ராக்கெட் சிட்டி

நண்பரே, மார்ட்டின்ஸ்வில் என்ன பஜனை மடமா? சின்னப் பாதையிலும் தலை நேராகச் சுவரில் போய் மோதினால் அடி அடிதான். 2001 பிப்ரவரியில் டேல் எர்ன்ஹார்ட் டேடோனாவில் கடைசிச் சுற்றில் இறந்தாரே, அந்த மோதலை டிவியில் பார்த்தவர்கள் இது ஒன்றும் பெரிதில்லை என்றுதான் நினைத்தார்கள். அதற்கப்புறம் கழுத்தைப் பிடிக்கும் ஹான்ஸ் கருவியைக் கட்டாயமாக்கினார்கள், அடியை வாங்கிக்கொள்ளும் சேஃபர் சுவரை வைத்தார்கள். அன்றிலிருந்து நாஸ்காரின் முதன்மையான கப் தொடர் பந்தயத்தில் ஓர் ஓட்டுநர்கூட உயிரிழக்கவில்லை. நியூமன் நடந்து வந்ததும் அதனால்தான்.

என் கதை சின்னது. 2009 ஏப்ரல், டல்லடேகா. கார்ல் எட்வர்ட்ஸின் கார் கடைசி நேரத்தில் தூக்கி எறியப்பட்டு வேலியில் மோதி விழுந்தது. மனுஷன் எரிகிற காரிலிருந்து இறங்கி, முடிவுக்கோட்டை ஓடியே கடந்தார். நான் சிரித்துக்கொண்டே கைதட்டினேன். வேலித் துண்டு பட்டுச் சில ரசிகர்களுக்குக் காயம் என்று காருக்குப் போகும் வழியில்தான் தெரிந்தது.

இனி புதிதாகப் போகிறவர்களுக்கு. தயவுசெய்து விலை குறைவு என்று கீழ் வரிசை எடுக்காதீர்கள். வேலி கண்ணை மறைக்கும், கார்கள் வண்ணக் கீறலாகப் போகும், வேலியில் எது மோதினாலும் முதலில் உங்கள் மேல்தான் விழும். 2013-இல் டேடோனாவில் கைல் லார்சனின் கார் மோதி எஞ்சினே வேலியைப் பிய்த்துக்கொண்டு பார்வையாளர் பக்கம் வந்தது. 28 பேருக்குக் குறையாமல் காயம். ஆக, எவ்வளவு உயரம் கிடைக்கிறதோ அவ்வளவு உயரம் ஏறுங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் எந்த வரிசை நகர்கிறது, எது தேங்குகிறது என்பது தெரியும். குழந்தைகளுக்குக் காது மூடி கட்டாயம். பஞ்சு போதாது, 40 கார் ஒன்றாக வரும்போது நெஞ்சு எலும்பு அதிரும். ஸ்கேனரை வாசலிலேயே வாடகைக்கு எடுத்துவிடுங்கள், உள்ளே போய்த் தேடாதீர்கள். சின்னக் குளிர்பெட்டி கொண்டுபோக விடுவார்கள், தயிர்சாதம் கட்டி எடுத்துப் போங்கள், எனக்கு அது பலமுறை உயிர் கொடுத்திருக்கிறது. தொப்பியும் வெயில் களிம்பும் மறக்க வேண்டாம், அலபாமா வெயிலைக் குறைவாக எடை போடாதீர்கள். பந்தயம் முடிந்ததும் ஓடாதீர்கள். ஐ-20 நெடுஞ்சாலைக்கு வரும் வழி முழுக்க அடைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து மிச்சச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதும்.

சோழவரம் 80

யாரும் இருக்கை பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் தயிர்சாதத்துக்கு நன்றி.

என் குறை வேறு. 2025 ஏப்ரல், டல்லடேகா. ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்தவர். நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டி, அந்த ஆண்டு ரசிகர்கள் வாக்கில் தொடரின் அபிமான ஓட்டுநராகவும் வந்ததிலிருந்து அவருக்கு நாஸ்கார் மேல் ஒரு கண்.

பச்சைக் கொடி விழுந்தது. முதல் சில சுற்றுகள் அப்பா வாயைப் பிளந்து பார்த்தார். 33 பாகை சாய்வில் கார்கள் பக்கச்சுவரில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அப்புறம் கார்கள் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக அடுக்கிக்கொண்டு, அப்படியே சுற்றிக்கொண்டிருந்தன. முப்பது சுற்று ஆகியும் யாரும் யாரையும் முந்தவில்லை. அப்பா என் பக்கம் திரும்பி, "இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து சாமி ஊர்வலம் காட்டுறியே" என்றார்.

எரிபொருள் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று அவருக்கு எப்படி விளக்குவது? பிட்டில் எவ்வளவு குறைவாகப் பெட்ரோல் ஊற்றுகிறார்களோ அவ்வளவு சீக்கிரம் வெளியே வரலாம். வெளியே முதலில் வந்தவன் முன்வரிசையைப் பிடிப்பான். 2022-இல் வந்த புதுக் காரில் முன்வரிசையைப் பிடித்தவனைப் பின்னாலிருந்து முந்துவது லேசில்லை. மூன்றாவது வரிசையில் தனியாக வெளியே வந்தால் காற்று பிடித்து இழுத்துவிடும். அதனால் எல்லோரும் பாதி ஆக்ஸிலரேட்டரில் பொறுமையாகச் சுற்றுகிறார்கள். "பந்தயத்தில் மெதுவாக ஓட்டுகிறவன் ஜெயிப்பானா?" என்று அப்பா கேட்டார். பதில் ஆமாம் என்பதுதான், அதுதான் வெறுப்பு. அன்று பெரிய மோதல்கூட இல்லை. சிண்ட்ரிக் ஜெயித்தார். இரண்டாவதும் ஐந்தாவதும் வந்தவர்களைச் சோதனையில் தகுதிநீக்கம் செய்தார்கள், அது ராத்திரிதான் தெரிந்தது.

முதலில் எழுதியவர் மோதலுக்குக் கைதட்டுவது பற்றிக் கேட்டார். இரண்டு மணி நேரம் மிச்சம் பிடிப்பதைப் பார்த்துக் களைத்தவனுக்கு வேறு எதற்குக் கைதட்டக் கிடைக்கிறது என்பது என் பதில்.

மூன்றாம் நம்பர் ரசிகை

எரிபொருளைக் குறை சொல்கிறவர்கள் 2011-ஐ மறந்துவிட்டீர்கள். இரண்டிரண்டு காராக ஒட்டிக்கொண்டு ஓடினார்கள், ஏப்ரல் டல்லடேகாவில் 88 முறை முன்னிலை மாறியது, ஜிம்மி ஜான்சன் 0.002 நொடியில் ஜெயித்தார். அப்போதும் "இது பந்தயமே இல்லை" என்று இதே கூட்டம்தான் புலம்பியது.

சரி, என் அனுபவம். டல்லடேகாவில், ஓடுபாதைக்கு நடுவே இருக்கிற உள்மைதானத்தில் முகாம் போட்டிருந்தோம். பக்கத்தில் ஒரு பழைய பள்ளிப் பேருந்து, கூரைமேல் நாற்காலிகள். அதன் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டிய அலபாமாக்காரர். நான் எர்ன்ஹார்ட்டின் 3-ஆம் நம்பர் சட்டை போட்டிருந்ததைப் பார்த்து மேலே வரச் சொன்னார். 2000 அக்டோபரில் எர்ன்ஹார்ட் கடைசி ஐந்து சுற்றில் பதினெட்டாவது இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்ததை நான் ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, முடிவுக்கோட்டுக்கு முந்திய வேலியை விரலால் காட்டினார். "1987. பாபி அங்கேதான் ஏறினான்."

பாபி ஆலிசன். டயர் வெடித்து, கார் பின்பக்கமாகத் திரும்பிக் காற்றில் எழும்பி வேலியைக் கிழித்தது. கிழவர் அப்போது உட்கார்ந்திருந்தது அங்கிருந்து நான்கைந்து பகுதி தள்ளி. கார் பார்வையாளர்மேல் விழாமல் பாதைக்கே திரும்பி விழுந்ததைச் சொல்லும்போது, உள்ளங்கையை வேலியாகவும் மற்றொரு கையைக் காராகவும் வைத்துக் காட்டினார். கார் வந்த கை நடுங்கியது. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த மகன் டேவி கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டான் என்றார். வேலியைச் சரிசெய்து பந்தயத்தைத் தொடர்ந்தார்கள். ஜெயித்ததும் அந்த டேவியே, அவனுடைய முதல் வெற்றி. ஆறு வருஷம் கழித்து இதே உள்மைதானத்தில் ஹெலிகாப்டர் விழுந்து டேவி போய்ச் சேர்ந்தான். அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். பியர் ஒன்று எடுத்துக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்தப் பந்தயத்துக்கு பில் எலியட் தகுதிச் சுற்றில் ஓட்டிய மணிக்கு 212.809 மைல் வேகம் இன்றும் சாதனை. அதை இனி யாரும் உடைக்க மாட்டார்கள், உடைக்க விட மாட்டார்கள். 1988-லிருந்து வேகத்தைக் குறைக்க எஞ்சினுக்குப் போகிற காற்றை அடைக்கும் தகடு வந்தது. 2019-இல் தகடு போய் வேறு அடைப்பு வந்தது. எல்லா காருக்கும் ஒரே வேகம், அதனால் எல்லோரும் ஒரே கூட்டம், அதனால்தான் 28 கார் ஒன்றாக மோதுகின்றன. பார்வையாளரைக் காப்பாற்ற வைத்த பூட்டு ஓட்டுநரைக் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டது. இதில் யாரைக் குறை சொல்வது? எனக்கு விடை கிடைக்கவில்லை, ஆனாலும் அடுத்த முறையும் போவேன்.

நாலாம் திருப்பம்

போங்கள், ஆனால் இதில் ஜெயிப்பதைத் திறமை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2021 டேடோனா 500-இல் மெக்டவல் ஜெயித்தது அவருடைய 358-ஆவது பந்தயத்தில், முதல் வெற்றி. கடைசிச் சுற்றில் முன்னால் இருந்த இருவர் மோதிக்கொண்டதால். 2025 டேடோனா 500-இல் பைரன் கடைசிச் சுற்றில் எங்கே இருந்தார், எப்படி வந்தார்? முன்னால் இருந்தவர்களின் கார்கள் மோதிச் சுழன்றுவிட்டன. குலுக்கல் சீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மூன்றாம் நம்பர் ரசிகை

அதே பைரன் 2024-இலும் ஜெயித்தவர். ஹாம்லின் டேடோனா 500 மூன்று முறை. கெஸலாவ்ஸ்கிக்கு டல்லடேகாவில் ஆறு, எர்ன்ஹார்ட்டுக்குப் பத்து. ஒரே ஆளுக்குப் பத்து முறை விழுகிற குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது என்று சொல்லுங்கள், நானும் சீட்டு வாங்குகிறேன்.

டெகேட்டர் தம்பி

இங்கே அட்லாண்டாவைச் சொல்லலாமா? 2024 பிப்ரவரி. மூன்று கார்கள் ஒன்றாகக் கோட்டைக் கடந்ததே, சுவாரெஸ், பிளேனி, கைல் புஷ். என் பக்கத்து இருக்கைக்காரர் பிளேனி ரசிகர். கோட்டைக் கடந்ததும் தன் ஆள்தான் என்று என்னைக் கட்டிப் பிடித்து, முன்வரிசைப் பெண்மணியைக் கட்டிப் பிடித்து, பாப்கார்ன் விற்கிற பையனையும் கட்டிப் பிடித்தார். பலகையில் சுவாரெஸ் பெயர் வந்தது. 0.003 நொடி. அவர் கை இன்னும் அந்தப் பையன் தோளில் இருந்தது. பையன் மெதுவாக, "சார், பாப்கார்னுக்குக் காசு" என்றான். அவர் முகத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

ராக்கெட் சிட்டி

தம்பி, அட்லாண்டா 1.54 மைல். 2022-இல் சாய்வை 28 பாகைக்கு ஏற்றி, எஞ்சினையும் அடைத்து, டேடோனா மாதிரி கூட்டமாக ஓட வைக்கிறார்கள், அவ்வளவுதான். அதையும் டல்லடேகா, டேடோனா மாதிரி நீளமான அதிவேகப் பாதை, அதாவது சூப்பர்ஸ்பீட்வே என்று எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கதை நன்றாக இருக்கிறது, தனித் திரி போடுங்கள். அங்கே எந்த வரிசை எடுக்க வேண்டும் என்று விவரமாக எழுதுகிறேன்.