எம்.எச்.டி. மின்னாக்கம்: சோதனையில் வென்றும் மின்நிலையமாகாதது ஏன்?

கேள்வி (முதுகலை மாணவி):
வணக்கம். எம்.எச்.டி. (magnetohydrodynamics, காந்தப்புலத்தில் பாயும் மின்கடத்து வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும்) முறையில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. சூடான வாயு காந்தப்புலத்தின் குறுக்கே விரைந்தாலே மின்னோட்டம் கிடைத்துவிடுகிறது. மாஸ்கோவில் 1971-இல் இயங்கத் தொடங்கிய யூ-25 நிலையம் நகர மின்தொகுப்புக்கே மின்சாரம் அனுப்பியது என்று படித்தேன். அப்படியிருந்தும் இது ஏன் கைவிடப்பட்டது? வாயு பாயும் குழாயின் சுவரில் மின்னோட்டத்தை வெளியே எடுக்கும் மின்முனைகளைத் துண்டு துண்டாக அமைப்பது எதற்காக?

பதில் (வெப்பவியல் ஆசிரியர்):
மின்கடத்துதிறனைக் கூட்டுவதற்காகப் பொட்டாசியம் கார்பனேட் தூவிய எரிவாயு ஏறத்தாழ 2,500 பாகை செல்சியஸில்கூட மீட்டருக்குச் சுமார் 10 சீமென்ஸ் (மின்கடத்துதிறனின் அலகு) அளவே மின்கடத்தும். செம்பு அதைவிடப் பல இலட்சம் மடங்கு நன்றாகக் கடத்தும். ஆனால் மின்திறன் வேகத்தின் இருமடிக்கும் காந்தப்புலத்தின் இருமடிக்கும் ஏற்ப உயர்வதால், வினாடிக்கு 800 மீட்டர் வேகமும் 5 டெஸ்லா புலமும் இருந்தால், கொள்கை அளவில் ஒரு கன மீட்டர் வாயுவிலிருந்து 40 மெகாவாட் வரை எடுக்கலாம். 1977-இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகம் 5 டெஸ்லா மீகடத்திக் (மின்தடையே இல்லாத கம்பிச்சுருளாலான) காந்தமொன்றை விமானத்தில் ஏற்றி மாஸ்கோவுக்கு அனுப்பியதன் காரணம் இதுதான். பனிப்போர்க் காலத்தில் அத்தகைய ஒத்துழைப்பு நடந்ததை இன்றும் வியந்து போற்றுகிறேன்.

மின்முனைகளைப் பொறுத்தவரை, ஹால் விளைவால் (காந்தப்புலத்தில் ஓடும் மின்னோட்டம் பக்கவாட்டில் விலகும் இயல்பால்) வாயுவின் ஓட்டத் திசையிலும் ஒரு மின்னழுத்தம் தோன்றுகிறது. மின்முனை நீண்ட ஒற்றைத் தகடாக இருந்தால் அது குறுக்குச் சுற்றாகி, திறனில் பெரும்பகுதி வீணாகும். எனவே, இடையிடையே காப்பான் வைத்து, எதிரெதிரே உள்ள ஒவ்வொரு மின்முனை இணைக்கும் தனித்தனிச் சுமை தருகிறார்கள்.

பதில் (மின்நிலையப் பொறியாளர்):
கொள்கையில் குறையில்லை, சுவர்தான் தாங்கவில்லை. குளிரூட்டப்பட்ட மின்முனையை ஒட்டிய மெல்லிய வாயுப் படலம் குளிர்ந்துவிடுவதால் அது மின்சாரத்தைச் சீராகக் கடத்துவதில்லை. மின்னோட்டம் சிறுசிறு வில்பொறிகளாகத் திரண்டு, ஒரே புள்ளியைத் தாக்கி உலோகத்தை அரிக்கிறது. நிலக்கரி எரித்தால் உருகிய கசடு சுவரில் படிந்து காப்பான்களின் மேலும் படர்கிறது. ஆய்வுக்குச் சில நூறு மணி நேரம் போதும். மின்நிலையத்துக்கு ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான மணி நேரம் தேவை.

பதில் (ஆற்றல் ஆய்வாளர்):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மின்முனையை மட்டும் குற்றம் சொன்னால் பாதி உண்மை விடுபட்டுவிடும். வாயு 2,000 பாகை அளவுக்குத் தணிந்தாலே கடத்துதிறன் சரிந்துவிடுகிறது. எஞ்சிய வெப்பத்துக்கு முழு நீராவி நிலையமும், தூவிய பொட்டாசியத்தை மீட்க இன்னொரு கட்டமைப்பும் வேண்டும். இவ்வளவும் சேர்த்து எம்.எச்.டி. எட்ட விரும்பிய செயல்திறனை, எரிவாயுச் சுழலியும் நீராவிச் சுழலியும் இணைந்த நிலையங்கள் எளிதாக எட்டிவிட்டன. அமெரிக்க எரிசக்தித் துறையின் திட்டம் 1993-இல் முடிந்தது. திருச்சிராப்பள்ளியில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் பெல் (BHEL, பாரத மிகுமின்) நிறுவனமும் சோவியத் துணையுடன் அமைத்த 5 மெகாவாட் வெப்பத்திறன் சோதனை நிலையமும் வணிகக் கட்டத்துக்குச் செல்லவில்லை.

ஆயினும் இது எங்குமே பயன்படவில்லை என்று எண்ண வேண்டாம். கோலா தீபகற்பத்தில் சோவியத் ஆய்வாளர்கள் ராக்கெட் திட எரிபொருளால் இயங்கும் எம்.எச்.டி. ஜெனரேட்டரைக் கொண்டு, கடல்நீர் வழியே ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தி, நிலத்தடிப் பாறைகளின் மின்கடத்துதிறனை அளந்தார்கள். அந்த ஜெனரேட்டர் இயங்கியது சில வினாடிகளே. அவ்வளவு நேரத்துக்கு எந்த மின்முனையும் தாங்கும்.