புதுப்பிப்பு: 14 நாள் கழித்து எடுத்த ஸ்கேன்

"ஏழாவது வாரம், ஸ்கேன்ல கரு வளர்ற நீர்ப்பை மட்டும் தெரியுது, கருவைக் காணோம், மாத்திரை போட்டுக் கலைச்சிடலாம்கிறாங்க" என்று புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

வேறொரு டாக்டரைப் பார்த்தோம். பை அப்போது வெறும் 6 மி.மீ.; 25 மி.மீ. வளர்ந்தும் கரு தெரியாவிட்டால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார். அந்த 14 நாள்! பாத்ரூம் போகும்போதெல்லாம் ரத்தம் பட்டிருக்கா என்று பார்ப்பேன். அத்தை குலசாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். நான் கூகுளைத் தொடாமல் இருந்ததே பெரிய விரதம்.

நேற்று பார்த்தார்கள். கரு 10 மி.மீ., துடிப்பு இருக்கு! எனக்கு எப்பவும் பீரியட்ஸ் தள்ளித்தான் வரும். அதனால் தேதிக் கணக்குதான் தப்பு. இப்போதுதான் ஏழு வாரமாம்.

அடுத்த ஸ்கேன் 12ஆம் வாரம். பயம் முழுசாகப் போகவில்லை. காலையில் குமட்டினால் மட்டும் சந்தோஷமா இருக்கு.