வட்ட வாதத்தை (நிரூபிக்க வேண்டியதையே காரணமாகக் காட்டும் வாதத்தை) நேரில் கேட்ட தருணம்: பகிருங்கள்

எழுதுகோல்
ஆள்தேர்வுக் கூட்டம். "இவர் நேர்மையானவர்." எப்படித் தெரியும்? "இன்னார் சொன்னார்." அந்த இன்னாரை எப்படி நம்புவது? "அவருக்கு இவரே உத்தரவாதம் தந்திருக்கிறாரே!" சுற்றியிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் இன்னும் உறுத்துகிறது.

தெளிவு
பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. பையன் ஏன் படிப்பதில்லை? "சோம்பேறி." சோம்பேறி என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? "படிக்க மாட்டேன்கிறானே." பையன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கண்பார்வையா, தூக்கமா, பாடம் புரியவில்லையா, ஒன்றையும் யாரும் விசாரிக்கவில்லை. காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

நடுப்பக்கம்
நன்னூல் பத்துக் குற்றத்தில் வரும் 'கூறியது கூறல்' இதுதான். இன்னொன்றும் அடிக்கடி காதில் விழுகிறது: "அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை பார்த்தால்தான் அனுபவம்." பச்சை வட்ட வாதம்.

அளவை
நடுப்பக்கம், இரண்டுமே பொருந்தாது. கூறியது கூறல் வெறும் திருப்பிச் சொல்லல். வட்ட வாதத்தில் சொன்னதே காரணமாக வேடம் போட்டு வருகிறது. வேலை–அனுபவம் என்பது நிபந்தனைச் சிக்கல். அங்கே யாரும் எதையும் நிரூபிக்கவில்லை. "வறுமையால் நோய், நோயால் வறுமை" என்பதும் குற்றமில்லை, உலகில் அப்படி நடக்கிறது. காரணகாரியம் சுற்றலாம், ஆதாரம் சுற்றக்கூடாது.

நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபில் இதன் வகைகளுக்குத் தனித்தனிப் பெயரே உண்டு. தன்னையே பற்றி நின்றால் ஆன்மாசிரயம். இரண்டு ஒன்றையொன்று பற்றினால் அன்னியோன்யாசிரயம். மேலே எழுதுகோலும் தெளிவும் சொன்னது இதுதான். மூன்றாவதொன்றின் வழியாகச் சுற்றி வந்தால் சக்கரகம்.

பிடிக்கும் வழி: முடிவைத் தாளின் உச்சியில் எழுதுங்கள். கீழே காரணம். அதற்குக் கீழே, "இது எப்படித் தெரியும்?" என்பதற்கான பதில். பதில் உச்சிக்கே திரும்பினால் வட்டம். சொல் மாறி வந்து ஏமாற்றும். 'நேர்மை' என்று தொடங்கியது 'நம்பகம்' என்று முடியும். அதனால் ஒரே பொருளில் வரும் சொற்களை எல்லாம் ஒரே சொல்லாக்கிவிட்டுப் படியுங்கள். முடிவை முன்கூட்டியே நம்பினால்தான் காரணத்தை ஏற்க முடியும் என்ற நிலை இருந்தால், அது காரணமே அல்ல.

"எங்கே தப்பு, காட்டு" என்று கேட்டால் பலர் திணறுவார்கள். 'அ உண்மை, ஆகவே அ உண்மை' என்பது தர்க்க வடிவில் செல்லுபடியாகும். கோளாறு வடிவில் இல்லை, சந்தேகப்படுபவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காததில் இருக்கிறது. வட்டத்தைக் காட்டியதாலேயே முடிவு பொய்யாகிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். "இதை விட்டால் வேறு என்ன ஆதாரம்?" என்று கேளுங்கள். குற்றப்பெயரைச் சொல்லி அடித்தால் சண்டைதான் மிஞ்சும்.

தெளிவு
பள்ளியில் "வேறு என்ன ஆதாரம்?" என்ற அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்திருக்கும், அளவை. மற்றதெல்லாம் கேட்காத பாடம்.

கடைவரி
சக்கரகத்துக்கு ஓர் உதாரணம். ஒரு புள்ளிவிவரம். அறிக்கை இணையதளத்தைக் காட்டியது, இணையதளம் செய்தியைக் காட்டியது, செய்தி அதே அறிக்கையைக் காட்டியது. "மூன்று ஆதாரம் இருக்கிறதே" என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார் ஒருவர். மூன்றையும் வெளியான தேதி வரிசையில் வையுங்கள். ஆகப் பழையதில் சொந்த அளவீடோ கணக்கெடுப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை எங்கும் எடுத்தாளாதீர்கள்.