கென்ட்டில் தோட்டத்து முயல் தொல்லை: ஃபெரட் விட்டுப் பிடிப்பது எப்படி?

கோசுப்பாத்தி:

வணக்கம். இங்கிலாந்தில் கென்ட் பக்கம் 5 ஏக்கர் குத்தகை நிலத்தில் காய்கறி போடுகிறேன். வேலியோரம் நட்ட முட்டைக்கோசு, பீட்ரூட் வரிசைகளை முயல் மொட்டையடித்துவிட்டது. கிழக்கு வேலியின் முட்புதருக்குள் மூன்று இடத்தில் பொந்துகள். பெரியதில் எண்ணிய வரை 14 வாய். துப்பாக்கி உரிமம் கிடையாது, விஷவாயுவில் விருப்பமும் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு வயது ஃபெரட் (பொந்துக்குள் நுழைந்து, வாயில் விரித்த வலைக்கு முயலைக் கிளப்பிவிடும், கீரி போன்ற நீண்ட உடல் வளர்ப்பு விலங்கு) இரண்டு தருகிறேன் என்கிறார். ஆண் ஒன்று, பெண் ஒன்று.

கேட்க வேண்டியவை: குத்தகைக்காரன் முயல் பிடிக்கச் சட்டத்தில் இடமுண்டா? எத்தனை வலை, என்ன அளவு? ஒரு நாள் பட்டினி போட்டு இறக்கினால்தான் வேலை செய்யும் என்கிறார்கள், சரிதானா? இப்போது செப்டம்பர், உடனே தொடங்கலாமா?

வேலியோரம்:

பட்டினி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் கெடுவது அதில்தான். பட்டினி போடாதீர்கள். ஃபெரட் உள்ளே போய் முயலைக் கிளப்பிவிட்டால் போதும். பசித்த ஃபெரட் முயலை முட்டுச் சுரங்கத்தில் மடக்கிக் கொன்று, வயிறு முட்டத் தின்று, அதே இடத்தில் சுருண்டு தூங்கிவிடும். நீங்கள் மேலே வலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வேலை நாளன்று காலையில் வழக்கமான தீனியில் ஒரு பங்கு கொடுத்து இறக்குங்கள். சிலர் வாய்க்கட்டு போடச் சொல்வார்கள். அதுவும் வேண்டாம். உள்ளே பெரிய எலி எதிர்ப்பட்டால் தன்னைக் காத்துக்கொள்ள வழியிருக்காது. தொலைந்துபோனால் பட்டினியில் சாகும்.

செப்டம்பரில் தொடங்க வேண்டாம். காஞ்சொறியும் முட்செடியும் அடர்ந்திருக்கும்போது பாதி வாய்கள் கண்ணுக்குப் படாது. வலை போடாத ஒரு வாய் இருந்தால் முயல் எல்லாம் அந்த வழியே போய்விடும். உறைபனி விழுந்து செடிகள் மடிந்தபின், நவம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரைதான் நல்ல காலம். அதற்குப் பிறகு பொந்துக்குள் குட்டிகள் இருக்கும். ஓடத் தெரியாத குட்டிகளை ஃபெரட் அங்கேயே கொன்று தின்றுவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

14 வாய் எண்ணினீர்கள் என்றால் உண்மையில் 18, 20 இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளாகப் போய்த் தப்புவதற்கென்றே புல்லுக்குள் மறைந்த சிறு வாய் ஒன்றிரண்டு, முக்கியப் பொந்திலிருந்து சில கெஜம் தள்ளி இருக்கும். 25 சுருக்கு வலை வாங்குங்கள். 4 அடி நீளம், 2 அங்குலக் கண். இரு முனையிலும் ஒரு வளையம், சுற்றிலும் சுருக்குக் கயிறு, கயிற்றின் நுனியில் மரமுளை. சணல் நூல் வலை மண்ணோடு படிந்து கிடக்கும், காற்றில் பறக்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் உலர்த்தாவிட்டால் மக்கிவிடும். நைலான் மக்காது, ஆனால் லேசு, காற்றில் தூக்கும். முளைக்குப் பளிச்சென்று வண்ணம் அடித்துவிடுங்கள். எத்தனை வலை எடுத்துப் போனீர்களோ அத்தனையும் எண்ணித் திரும்ப வைக்க வேண்டும். மறந்துவிட்ட ஒரு வலையில் முயல் இரவெல்லாம் துடித்துக் கிடப்பது பாவம்.

விரிக்கும் முறை இது. கீழ்வளையத்தை வாயின் கீழ்உதட்டுக்குள் சற்றே செருகுங்கள். மேல்வளையம் வாய்க்கு மேலே. வலையை இரண்டு பக்கமும் விரித்து, வாயைவிட ஒரு சாண் அகலமாக மூடட்டும். முளையை வாய்க்கு மேற்புறம், இழுத்தால் வராத அளவுக்கு அடியுங்கள். கடைசியாகக் கயிறு வளையங்களில் தடையின்றி ஓடுகிறதா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள். குச்சியோ சருகோ சிக்கியிருந்தால் வலை சுருங்காது, முயல் அதன் அடியில் நுழைந்து போய்விடும். முட்புதருக்குள் சுருக்கு வலை விரிக்க முடியாத பக்கத்தில், புதரிலிருந்து சில அடி தள்ளி, கழிகளில் நீள வலை ஒன்றை நட்டுவிடுங்கள். வலையைத் தொய்வாக விட வேண்டும். இறுக்கிக் கட்டினால் முயல் மோதித் திரும்பிவிடும்.

வலை விரிக்கும்போது பேசக்கூடாது. கார்க்கதவை அறையக்கூடாது. பொந்தின் மேல் தடதடவென்று நடக்கவும் கூடாது. மண்ணில் அதிர்வு விழுந்தால் உள்ளே ஒரு முயல் பின்னங்காலால் தட்டி மற்றவற்றை எச்சரிக்கும். அப்புறம் அவை வெளியே வருவதைவிட உள்ளே ஃபெரட்டோடு மல்லுக்கட்டத் துணிந்துவிடும். காற்று எதிர்முகமாக வரும்படி அணுகுங்கள். மூலையில் மறைந்திருக்கும் சிறு வாய்களுக்கு முதலில் வலை.

ஃபெரட்டை வாய்க்குள் திணிக்காதீர்கள். வாசலில் விட்டால் தானே முகர்ந்து போகும். சிறிய பெண் ஃபெரட்தான் இந்த வேலைக்கு ஏற்றது. வலைக்கண் வழியே நுழைந்து வந்துவிடும், வலையைச் சுருக்காது. ஆண் பருமன், வலையில் மாட்டும். அது மாட்டிய நேரத்தில் பின்னால் வரும் முயலும் தப்பும்.

முயல் வலையில் விழுந்ததும் ஓடிப்போய், ஒரு காலால் அந்த வாயை அடைத்துவிட்டு முயலைப் பிடியுங்கள். கையில் வந்த முயலை உடனே கழுத்தெலும்பு விலக்கிக் கொல்ல வேண்டும், தாமதிக்கக்கூடாது. இந்தக் கைவேலையை அனுபவசாலி ஒருவரிடம் நேரில் கற்காமல் பொந்துக்குப் போகாதீர்கள். வலையை மறுபடி விரித்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

உலர்வைக்கோல்:

மேலே சொன்னதெல்லாம் நவம்பருக்கு. இப்போது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஃபெரட்டை ஏற்கலாமா என்பதை. இது முயல் பிடிக்கும் கருவி என்று வாங்கி, வேலை முடிந்தபின் மூலையில் போடும் பொருளல்ல. வருடம் முழுக்கத் தீனி, சுத்தம், மருத்துவம் வேண்டும்.

பெண் ஃபெரட்டைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று: மார்ச்சு வாக்கில் பகல் நீளும்போது பருவத்துக்கு வரும், பின்புறம் வீங்கும். பூனையைப் போல, இணை சேர்ந்தால்தான் இதற்குக் கருமுட்டை வெளிப்படும். சேராவிட்டால் கோடை முழுக்கப் பருவத்திலேயே இருக்கும். தொடர்ந்து சுரக்கும் ஈஸ்ட்ரஜன் எலும்பு மஜ்ஜையை ஒடுக்கி, ரத்தசோகையில் கொன்றுவிடும். ஈறு வெளுப்பு, பின்னங்கால் தளர்ச்சி தெரிந்தால் காலம் கடந்திருக்கும். ஆகவே பிப்ரவரியிலேயே கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். பருவத்தை நிறுத்தும் ஹார்மோன் ஊசி உண்டு. விந்துக்குழாய் வெட்டிய ஆணோடு சேர்ப்பது இன்னொரு வழி. தோலுக்கடியில் ஹார்மோன் வில்லை வைப்பதும் உண்டு. சூலகத்தையும் கருப்பையையும் அறுத்தெடுக்கும் பழைய வழியில் பின்னாளில் அட்ரினல் சுரப்பி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதால் பலர் இப்போது விலகுகிறார்கள். உங்களுக்குக் கிடைக்கும் ஜோடியை எதுவும் செய்யாமல் ஒரே கூண்டில் விட்டால், 42 நாளில் ஏழெட்டு குட்டி. அவற்றை எங்கே கொண்டு வைப்பீர்கள்?

கூண்டு இரண்டுக்குமாகக் குறைந்தது 5 அடிக்கு 2 அடி, உயரம் 2 அடி. அதை ஓடியாட விசாலமான அடைப்போடு இணைத்தால் மிக நல்லது. உறங்கும் அறையில் உலர்ந்த வைக்கோல். குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. வெயிலை அறவே தாங்காது. வியர்க்காத உடம்பு, 30 டிகிரி வந்தாலே ஆபத்து. வெயில் நேரத்தில் கூண்டை நிழலுக்கு மாற்றுங்கள். தரையோடு படுத்து மூச்சிரைத்தால் குளிர்ந்த நீரில் அதை நனைத்துவிடுங்கள், பனிக்கட்டி வேண்டாம். ஒரே மூலையில்தான் கழிக்கும், அதைத் தினமும் அள்ளினால் நாற்றம் பெரிதும் குறையும்.

தீனி இறைச்சி மட்டும். பாலும் ரொட்டியும் போடுவது இங்கே பழைய பண்ணை வழக்கம், அது தவறு. குடல் குட்டை, தின்றது மூன்று நான்கு மணியில் வெளியே வரும், மாவுப்பொருளைச் செரிக்காது. தோலும் எலும்புமாக முயல், கூடவே ஃபெரட்டுக்கென்று விற்கும் உலர்தீனி. உலர்தீனி போட்டால் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். உறைபனிக் காலத்தில் குழாய்ப்புட்டி உறைந்து நிற்கும், காலையும் மாலையும் பாருங்கள். எலி விஷம் வைத்த இடத்திலிருந்து எடுத்த எதையும் போடாதீர்கள். நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் இதற்கு வந்தால் பிழைப்பது அரிது, தடுப்பூசி கேளுங்கள். மனிதரின் ஃப்ளூவும் தொற்றும்.

தினமும் கையில் எடுங்கள். பெருவிரலை முன்னங்காலுக்கு அடியில் கொடுத்து, மற்ற விரல்களால் தோளைச் சுற்றிப் பிடிப்பது. கையைப் பார்த்து ஓடும் ஃபெரட் பொந்து வாசலிலும் ஓடும். வாய்வரை வந்து, உங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பிவிடும். அதனால் வாயில் எட்டிப் பிடுங்காதீர்கள், முழுதும் வெளியே வரட்டும், பிறகு எடுங்கள்.

கோசுப்பாத்தி:

மிக்க நன்றி இருவருக்கும். ஆணை விட்டுவிட்டு இரண்டு பெண்ணாகக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. ஒரு சந்தேகம்: உள்ளே கொன்றுவிட்டுப் படுத்துக்கொண்டால் என்ன செய்வது? ஊரில் கீரி வளர்த்த வீடு பார்த்திருக்கிறேன். இதுவும் கூப்பிட்டால் வருமா?

மண்வெட்டி:

கீரி வேறு குடும்பம். இது ஐரோப்பியப் போல்கேட் என்ற காட்டு விலங்கை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகப் பழக்கி வந்த விலங்கு. கூப்பிட்டால் வரும் என்று நம்பி இறக்க வேண்டாம்.

இதற்கென்றே கழுத்துப்பட்டையில் சிறு அலைபரப்பி, கையில் ஏற்பி கொண்ட கருவி விற்கிறார்கள். அதில்லாமல் ஃபெரட்டை விடாதீர்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவு போதும். தளர்ந்தால் முன்னங்கால் உள்ளே மாட்டும் அல்லது வேரில் சிக்கும். ஒவ்வொரு முறை இறக்கும் முன்னும் ஏற்பியில் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். மின்கலம் பழசென்று தோன்றினாலே மாற்றிவிடுங்கள்.

சத்தம் ஒரே இடத்தில் சில நிமிடம் அசையாமல் நின்றால், ஃபெரட் முயலை மடக்கிவிட்டது அல்லது கொன்றுவிட்டது. நேர் மேலே தேடி, சத்தம் மிகப் பலமான புள்ளியில் குச்சி நட்டு, ஏற்பி காட்டும் ஆழத்தைப் பாருங்கள். 2 அடி சதுரமாகத் தோண்டுங்கள், குறுகலாகத் தோண்டினால் அடியில் கை போகாது. மண்ணை ஒரு சாக்கின் மேல் கொட்டுங்கள். அரை அடி தோண்டியதும் மறுபடி ஏற்பியை வைத்துப் பாருங்கள், ஃபெரட் நகர்ந்திருக்கலாம். கடைசி ஒரு சாண் கையால்தான். மண்வெட்டியின் விளிம்பு ஃபெரட்டின் முதுகில் இறங்கிய கதை இங்கே நிறைய. சுரங்கம் திறந்ததும் ஃபெரட்டை எடுத்து, முட்டுச் சுரங்கத்தில் ஒண்டியிருக்கும் முயல்களையும் எடுங்கள், பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும். குழியை அன்றே மிதித்து மூடுங்கள், ஆடோ மாடோ கால் வைத்தால் ஒடியும்.

கருவி கெட்டு ஃபெரட் தங்கிவிட்டால், மற்ற வாய்களை அடைத்து, அது நுழைந்த வாயில் அதன் பெட்டியை வைக்கோலோடும் தீனியோடும் வைத்துவிட்டு, பொழுது சாயும்போதும் விடியும்போதும் போய்ப் பாருங்கள். தூங்கி எழுந்து பெட்டிக்குள் வந்து கிடக்கும்.

எலிக்கு இந்த ஃபெரட்டை விடாதீர்கள். எலிக்கடி சீழ் வைக்கும். எலியிடம் கடிபட்டது பிறகு பொந்துக்குள் போகத் தயங்கும்.

வேலியோரம்:

சட்டக் கேள்வி விட்டுப்போனது. 1880-இன் கிரவுண்ட் கேம் சட்டப்படி நிலத்தைப் பயிர்செய்பவருக்கு முயல் பிடிக்கும் உரிமை உண்டு. குத்தகைப் பத்திரத்தில் மாற்றி எழுதியிருந்தாலும் அது செல்லாது. உதவிக்கு வெளியாளை அழைத்தால் எழுத்தில் அனுமதி கொடுத்து வையுங்கள். யார் யாரை அனுமதிக்கலாம் என்பதற்கும் அதே சட்டத்தில் வரம்பு இருக்கிறது. 1954-இன் பெஸ்ட்ஸ் (Pests, தொல்லை உயிரினங்கள்) சட்டம் முயலைக் கட்டுப்படுத்தும் பொறுப்பையும் உங்கள்மேலேயே வைக்கிறது.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம்: பேட்ஜர் (முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுள்ள, மண் தோண்டி வாழும் காட்டு விலங்கு) பொந்து. முயல் வாய் ஒரு சாண் அகலத்துக்குள் இருக்கும். பேட்ஜர் வாய் ஒரு அடி அகலம், படுக்கவைத்த D வடிவம், முன்னால் மண்மேடும் பழைய படுக்கைப் புல்லும் கிடக்கும். 1992-இன் பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் தொந்தரவு செய்வதே குற்றம். ஃபெரட்டும் உள்ளே போனால் திரும்பாமல் போகலாம்.

மூன்று பொந்தையும் காலி செய்தாலும் பக்கத்து நிலத்திலிருந்து முயல் வந்து குடியேறும். ஆகவே பிப்ரவரியில் பிடித்து முடித்ததும் கிழக்கு வேலியில் கம்பிவலை அடியுங்கள். 31 மி.மீ. கண், தரைக்கு மேல் 90 செ.மீ., அடியில் 15 செ.மீ. முயல் வரும் பக்கமாக மடித்துத் தரையில் படியவைத்து, மேலே புல்கரணை போட்டு மூடிவிடுங்கள். கதவின் அடியில் இடைவெளி விடாதீர்கள், முயல் முதலில் தேடுவது அதைத்தான்.