அப்டேட்: கிரீஸ் மெனுவுல சைவம் தேடுறது

ஏதென்ஸ் ஹோட்டல் மெனுவ எப்படி படிக்கிறது, சைவம் என்ன கிடைக்கும்னு கேட்டிருந்தேன்ல, போயிட்டு வந்தாச்சு. "லாதெரா"னு தலைப்பு இருந்தா நேரா அங்க போங்க, எல்லாம் ஆலிவ் எண்ணெய்ல வெந்த காய்கறி, பீன்ஸ்ல பண்ற ஃபசோலாக்கியா, கத்திரிக்காய் உருளைக்கிழங்கு சுக்கினி எல்லாம் ஓவன்ல வேகவெக்கிற பிரியாம், ரெண்டுமே அவ்ளோ ருசி. யெமிஸ்தா மட்டும் கேட்டு வாங்குங்க, தக்காளி குடமிளகாய்க்குள்ள அரிசி அடைச்சது, சில கடைல கொத்துக்கறியும் சேர்ப்பாங்க.

முக்கியமானது "நிஸ்தீசிமோ". கிரேக்க கிறிஸ்தவங்களோட நோன்பு சாப்பாடு, கறி பால் முட்டை இருக்காது, ஆனா ஆக்டோபஸ், கணவாய், இறால் எல்லாம் அவங்க நோன்புல உண்டு, அதனால சைவக்காரங்க அத மட்டும் நம்பி ஆர்டர் பண்ணாதீங்க ப்ளீஸ்.

மீன் சாப்பிடறவங்களுக்கு, விலை நிறைய இடத்துல கிலோவுக்கு போட்டிருக்கும், சமைக்கறதுக்கு முன்னாடியே எடை போட்டு காட்டச் சொல்லுங்க. பேர் பக்கத்துல நட்சத்திரக் குறி இருந்தா பெரும்பாலும் ஃப்ரோஸன்.