கலைச்சொல் விவாதம்: ‘ஸ்கிரீம்’ என்பதற்கு அலறல்

அனைவருக்கும் வணக்கம்.

‘ஸ்கிரீம்’ என்பதற்கு இந்த இழையில் இதுவரை கதறல், ஓலம், கூக்குரல், வீறிடல், அலறல் என ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. நான் அலறல் பக்கம். ‘அலறல் என்றாலே பயம்தானே, பயமில்லாத கத்தலுக்கு அது எப்படிப் பொருந்தும்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தால்தான் இந்தச் சொல் நிற்கும்.

முதலில், ஒலியியலில் இந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். வெறும் உரத்த சத்தத்தை அல்ல. உரக்கப் பேசினாலும் அது பேச்சுதான். 2015இல் லூக் அர்னால், டேவிட் பெப்பல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சாதாரணப் பேச்சில் ஒலியின் வலிமை நொடிக்கு நாலைந்து தடவைதான் ஏறி இறங்கும். மனிதர் அலறும்போது அந்த ஏற்ற இறக்கம் நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை போகிறது. அவ்வளவு வேகமாக நடப்பதைக் காது தனித்தனியாக எண்ணாது, ஒரு சொரசொரப்பாகவே உணரும். நுரையீரலிலிருந்து வரும் காற்றின் அழுத்தம் அளவு மீறும்போது குரல்நாண்கள் சீராக அதிர முடியாமல் தடுமாறுவதும் இந்தச் சொரசொரப்புக்கு ஒரு காரணம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது: எச்சரிக்கைக்காக மனிதர் உருவாக்கிய கருவி ஒலிகளிலும் இதே சொரசொரப்பு இருக்கிறது.

இப்போது தமிழில் யார் யார் அலறுகிறார்கள் என்று பாருங்கள். பயந்தவர் அலறுகிறார், சரி. சைரனும் அலறுகிறது. ஒலிபெருக்கி அலறுகிறது. ‘ரேடியோ ஏன் இப்படி அலறுது?’ என்று கேட்காத வீடு உண்டா? இவற்றில் எதற்கும் பயம் கிடையாது. பள்ளியில் படித்த ஒலி மரபை எடுத்துக்கொள்ளுங்கள்: மயில் அகவும், யானை பிளிறும், நரி ஊளையிடும், ஆந்தை அலறும். ஆந்தை பயந்தா அலறுகிறது? தன் எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவும்தான் குரல் கொடுக்கிறது. ஆக, அலறு என்ற வினை உணர்ச்சியை மட்டும் சுட்டவில்லை, காதைக் கிழிக்கும் ஒரு வகை ஒலியையும் சுட்டுகிறது. சைரனையும் மனிதக் குரலையும் ஒரே வினையில் சேர்த்துச் சொல்லும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும்போது, அறிவியலும் அந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, வேறு சொல்லைத் தேடுவானேன்?

கதறலுக்கு இந்த விரிவு இல்லை. கதறலில் அழுகையும் கெஞ்சலும் கலந்திருக்கின்றன. கதறும் சைரனைக் கவிதையில் ஏற்கலாம், ஆய்வுக் கட்டுரையில் முடியாது. ஓலம் இழப்போடும் மரணத்தோடும் ஒட்டிப்போன சொல். பக்தி மரபில் இறைவனிடம் அடைக்கலம் கேட்கும் குரலாகவும் அது வரும். கூக்குரல் என்றால் யாராவது வந்து உதவ வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உள்ளே இருக்கிறது, அதில் சொற்களும் இருக்கலாம். வீறிடல் எனக்கு மிகவும் பிடித்த சொல். தூங்கும் குழந்தை திடீரென்று வீறிடுவதை வேறெந்தச் சொல்லாலும் சொல்ல முடியாது. ஆனால் அதன் உயிரே அந்தத் திடீர்த் தொடக்கத்தில்தான் இருக்கிறது. நீண்டு தொடரும் ஒலிக்கு அது பொருந்தாது. வீரிடு, வீறிடு என இரண்டு எழுத்து வழக்கும் புழக்கத்தில் இருப்பதால் தேடுபொறியிலும் சிக்கல்.

கூவலை மீட்கலாம் என்ற யோசனைக்கும் பதில் சொல்ல வேண்டும். ‘ஆஅ ஒல் எனக் கூவுவேன்கொல்’ என்று குறுந்தொகை 28ஆம் பாட்டில் ஔவையார் எழுதும்போது, என் நோய் அறியாமல் இந்த ஊர் தூங்குகிறதே என்று தலைவி முட்டி மோதிக் கத்தத் துடிக்கிறாள். அங்கே கூவுதல் அசல் அலறல்தான். அந்த ‘ஆஅ’ அளபெடையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தொண்டை தானாகத் திறக்கும். ஆனால் இன்று கூவு என்றதும் குயிலும் சேவலும்தான் நினைவுக்கு வருகின்றன. மாணவர் ஒருவர் பாடநூலில் ‘குரங்கின் கூவல்’ என்று படித்தால் இனிமையான ஓசையைத்தான் கற்பனை செய்வார். பழம்பொருளை அடிக்குறிப்பு போட்டுக் காப்பாற்ற வேண்டியிருந்தால் அது கலைச்சொல்லுக்கு உதவாது.

உணர்ச்சியை எங்கே சேர்ப்பது? முன்னால் ஓர் அடைமொழியாக. 2021இல் சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனித அலறலை வலி, கோபம், அச்சம், இன்பம், துயரம், மகிழ்ச்சி என ஆறாகப் பிரித்தார்கள். கேட்பவர்கள், அச்சம், கோபம், வலி சார்ந்தவற்றைவிட மற்றவற்றை விரைவாகவும் சரியாகவும் அடையாளம் கண்டார்கள் என்பது அவர்களுக்கே வியப்பாக இருந்தது. அச்ச அலறல், வலி அலறல், மகிழ்ச்சி அலறல் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியது மட்டும் கொஞ்சம் இடறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பதில் ஆர்ப்பரிப்பு என்றால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது கூட்டத்தின் ஒலி. ஒற்றைக் குரலுக்கு வராது. நாலு கட்டுரைகளில் வந்தால் மகிழ்ச்சி அலறலும் காதுக்குப் பழகிவிடும்.

அப்புறம், ‘அலாரம் கால்’ (ஆபத்து வருவதை மற்றவற்றுக்கு அறிவிக்கும் விலங்குக் குரல்), ‘டிஸ்ட்ரெஸ் கால்’ (பிடிபட்ட விலங்கு எழுப்பும் குரல்) இரண்டையும் இதோடு குழப்ப வேண்டாம். அலறல் ஒலியின் வடிவம். இவை ஒலியின் சூழலும் பயனும். ‘கால்’ என்பதற்கு விளி என்ற சொல்லை முன்மொழிகிறேன். விளி வேற்றுமை என்று இலக்கணத்தில் எல்லோரும் படித்ததுதான், அதில் கேட்பவர் ஒருவர் எப்போதும் உண்டு. வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒன்று, கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என வெவ்வேறு குரல் கொடுக்கின்றன என்று செய்ஃபார்த், செனி, மார்லர் மூவரும் 1980இல் எழுதினார்கள். சிறுத்தை என்றால் மரமேறுகின்றன, கழுகு என்றால் வானத்தைப் பார்க்கின்றன, பாம்பு என்றால் தரையைப் பார்க்கின்றன. கேட்பவருக்குத் தகவல் போகிறது. ஆகவே எச்சரிக்கை விளி.

‘டிஸ்ட்ரெஸ் கால்’ என்பதற்கு ஒருவர் தந்த அபயக்குரல் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. பிடிபட்ட பறவை உதவி கேட்டுத்தான் கத்துகிறதா, பிடித்த விலங்கைத் திடுக்கிட வைக்கவா, அல்லது இன்னொரு வேட்டை விலங்கை இழுத்து அந்தக் குழப்பத்தில் தப்பவா என்று ஆய்வாளர்களிடையே பல விளக்கங்கள் உள்ளன. அபயம் என்று பெயர் வைத்தால் விடையை நாமே முடிவு செய்துவிட்டதாக ஆகும். இடர்க்குரல் போதும். கேட்பவர் யார் என்பது உறுதியில்லாததால் அங்கே விளியையும் தவிர்த்திருக்கிறேன்.

மேலே நான் பயன்படுத்திய சொரசொரப்பு என்பதும் இன்னும் நம் பட்டியலில் ஏறாத சொல். கரகரப்பு என்று வைத்தால் தொண்டை கட்டிய குரலோடு குழம்பும். அதனால் ‘ஒலிச் சொரசொரப்பு’ என்று எழுதலாம் என்பது என் எண்ணம். இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.